வடக்கு ஜன்னல்ல வெயில் வருது, ரிப்போர்ட்ல மட்டும் வரல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல கண்ணாடிக் கட்டடங்கள் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன், ஏசி செலவு, கரன்ட் பில், பறவைங்க மோதிச் சாகுறது எல்லாம் எழுதியிருந்தீங்க, எல்லாமே சரிதான், ஆனா அந்தக் கண்ணாடியில பட்டுத் திரும்பி எதிர் வீட்டுக்குள்ள போற வெயிலைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் 14 வருஷமா லைட்டிங் டிசைன் வேலையில இருக்கேன், கட்டடம் கட்டறதுக்கு முன்னாடியே உள்ள எவ்வளவு வெளிச்சம் வரும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு ரிப்போர்ட் கொடுக்கிறதுதான் என் பொழப்பு. அந்த ரிப்போர்ட்ல எது இருக்கும் எது இருக்காதுன்னு எனக்குத் தெரியும், படிக்கிற ஜனங்களுக்கும் தெரியணும், அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

எங்க அக்கா துரைப்பாக்கம் பக்கம் 3வது மாடியில குடியிருக்காங்க. தையல் வேலை, பிளவுஸ், ஆரி ஒர்க். மெஷினை வடக்கு ஜன்னல் ஓரமாத்தான் போட்டிருக்காங்க, தையல்காரங்களுக்கு அது ஏன்னு சொல்லவே வேண்டாம், வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், கண்ணு கூசாது, அரக்கு கலருக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியும், டியூப் லைட்டுல மேட்ச் பண்ணின நூலை வெளிய கொண்டு போய்ப் பார்த்தா வேற கலரா இருக்கும், வடக்கு ஜன்னல்ல பார்த்தா அந்தப் பிரச்சனையே இல்ல. இருபது வருஷம் அப்படி ஓடுச்சு. அப்புறம் எதிர் மனையில, தெருவுக்கு அந்தப் பக்கம், அதாவது அவங்களுக்கு வடக்க, 14 மாடியில ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்புச்சு. அந்த வருஷம் கார்த்திகை மாசம் அக்கா போன் பண்ணினாங்க, "டேய், வடக்கால இருந்து எப்படிடா வெயில் வருது, நீ வெளிச்சம் படிச்சவன்தானே, வந்து பாரு"ன்னு.

போய்ப் பார்த்தேன். காலையில பத்தரை மணி வாக்குல மெஷின் மேல ஒரு வெள்ளைப் பட்டை விழுந்துச்சு, மெல்ல நகர்ந்து நகர்ந்து ஒன்றரை மணி வரைக்கும் அந்த மேஜையை விட்டுப் போகவே இல்ல. வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் மீட்டர் வச்சேன், 13,000 லக்ஸ் சொச்சம் காட்டுச்சு. அதே இடத்துல வெயில் விழாத நேரம் 700 லக்ஸ். ஆபீஸ்ல ஒரு மேஜைக்கு 300லருந்து 500 போதும்னு வச்சுக்கிட்டு வேலை பண்றோம், இங்க ஊசி முனையைப் பார்த்து ஜரிகை கோக்கிறவங்க கண்ணுக்கு முன்னாடி 13,000. நிமிர்ந்து பார்த்தா கண்ணாடிக்குள்ள இன்னொரு சூரியன் நிக்குது.

எப்படி வருதுன்னு சொல்றதுக்குப் பெரிய சயின்ஸ் வேண்டாம், ஸ்கூல்ல சின்னக் கண்ணாடித் துண்டை வச்சு எதிர் கிளாஸ் பையன் மூஞ்சில வெயில் அடிச்சு விளையாடினவங்க எல்லாருக்கும் தெரியும். டிசம்பர் கடைசியில சென்னையில உச்சி வெயில் தெற்குப் பக்கம் 53 டிகிரி உயரத்துல இருக்கும். அது தெற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர்ல பட்டா அதே 53 டிகிரியில கீழ இறங்கித் தெற்க உள்ள வீட்டுக்கு வரும், அந்த வீட்டுக்கு அது வடக்கு ஜன்னல். தெரு அகலம் 25 மீட்டர், அக்கா வீட்டு ஜன்னல் 9 மீட்டர் உயரம், எதிர்க் கட்டடம் ஒரு 48 மீட்டர், இதை வச்சுப் பேப்பர்லயே கணக்குப் போட்டுப் பார்த்தா நவம்பர் 20 வாக்குல ஆரம்பிச்சு ஜனவரி 20 வாக்குல முடியுதுன்னு வருது. ரெண்டு மாசம்தானேன்னு சிலர் சொல்லலாம். தை முகூர்த்தத்துக்கு பிளவுஸ் ஆர்டர் குவியறது மார்கழியில, வருஷத்துல அக்காவோட கை ஓயாத மாசமே அதுதான்.

இனி என் தொழில் சமாசாரத்துக்கு வர்றேன். அன்னிக்கு ராத்திரியே அக்கா வீட்டை மாடலா போட்டு, தெருவைப் போட்டு, எதிர்க் கட்டடத்தைப் போட்டு, நான் தினமும் யூஸ் பண்ற சாஃப்ட்வேர்ல டிசம்பர் 21 பகல் 12 மணிக்கு ஓட்டினேன். அந்த ரூம்ல வெயிலே இல்லன்னு வந்துச்சு. எதிர்க் கட்டடம் வானத்தை மறைக்குது, அதனால முன்னாடி இருந்ததை விட வெளிச்சம் கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு மட்டும் காட்டுச்சு. எல்லாம் நல்ல அழகான கலர் படமா வந்துச்சு. காலையில கண்ணால பார்த்து மீட்டர்ல அளந்த வெயில், ராத்திரி ஸ்கிரீன்ல காணோம். அப்ப எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா இதே மாதிரி ரிப்போர்ட்டு எத்தனையோ கட்டடத்துக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன், அதுல எல்லாம் அக்கம்பக்கத்துக் கட்டடங்களைச் சாம்பல் கலர் பெட்டியாத்தான் வச்சிருக்கேன், கண்ணாடிக் கட்டடமா இருந்தாலும் சாம்பல் பெட்டிதான். நாங்க கட்டற கண்ணாடிச் சுவர்ல இருந்து எதிர்ல போற வெயிலை நான் ஒரு தடவை கூடக் கணக்குப் போட்டதில்ல, யாரும் கேட்டதும் இல்ல.

ஏன் காணாமப் போகுதுன்னு கொஞ்சம் பொறுமையா சொல்றேன், இது தெரிஞ்சாதான் அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட ரிப்போர்ட் நீட்டினா என்ன கேள்வி கேட்கணும்னு தெரியும். லைட்டிங் சாஃப்ட்வேர்கள்ல நிறைய ரேடியோசிட்டிங்கற முறையில வளர்ந்தது, 1984ல அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டியில இருந்து வந்த முறை அது. ஒவ்வொரு சுவரையும் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு, ஒரு துண்டுல இருந்து இன்னொரு துண்டுக்கு எவ்வளவு வெளிச்சம் போகும்னு கணக்குப் போடும். சுண்ணாம்பு அடிச்ச சுவர், மொசைக் தரை, கதவு, மேஜை இதுக்கெல்லாம் பிரமாதமான முறை, ஏன்னா இந்தப் பொருள் எல்லாம் வெளிச்சத்தை நாலாப் பக்கமும் சிதறடிக்கும், அந்த முறையும் உலகத்துல எல்லாமே சிதறடிக்கும்னு நினைச்சுத்தான் கணக்கை ஆரம்பிக்குது. கண்ணாடி சிதறடிக்காது. வந்த கோணத்துல அப்படியே திருப்பி விடும். அந்த முறைக்கு அது புரியவே புரியாது.

சரி, ரே ட்ரேசிங், அதாவது ஒவ்வொரு ஒளிக்கதிரும் போற வழியைப் பின்தொடர்ந்து கணக்குப் பண்ற சாஃப்ட்வேர் இருக்கேன்னு இன்ஜினியர் தம்பிங்க கேட்பாங்க. இருக்கு. எங்க தொழில்ல எல்லாரும் மதிக்கிறது ரேடியன்ஸ், 1980கள்ல பெர்க்லி லேப்ல கிரெக் வார்டு எழுதினது, 2002ல இருந்து ஓப்பன் சோர்ஸ், காசே கிடையாது, நாம காசு கொடுத்து வாங்கற பல சாஃப்ட்வேர் உள்ளுக்குள்ள இதைத்தான் வச்சு ஓடுது. ஆனா இதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. இது கதிரை சூரியன்ல இருந்து விடறதில்ல, கண்ணுல இருந்து அல்லது நாம அளக்கிற புள்ளியில இருந்து பின்னோக்கி விடுது, அது எங்கெங்க போய் மோதுதுன்னு பார்த்து வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணுது. நேரா வர்ற வெயில்னா பிரச்சனை இல்ல, சூரியன் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும், அந்தத் திசையில ஒரு கதிர் விட்டுப் பார்த்துக்கும். கண்ணாடியில பட்டு வர்ற வெயிலை அப்படித் தேட முடியாது, எந்தத் திசையில விட்டா எந்தக் கண்ணாடியில மோதி சூரியன்ல போய் முடியும்னு அதுக்கு முன்கூட்டித் தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு சுத்தி எல்லாப் பக்கமும் கதிர் விட்டு மாட்டும்னு பார்த்தா, சூரியன் வானத்துல அரை டிகிரி அகலம்தான், மொத்த அரைக்கோளத்துல கிட்டத்தட்ட 1 லட்சத்துல 1 பங்கு இடம். நாம விடறது சில நூறு, சில ஆயிரம் கதிர். மாட்டாது. பவுன்ஸ், அதாவது ஒரு கதிர் எத்தனை தடவை மோதித் திரும்பலாம்ங்கற எண்ணிக்கையை 5ல இருந்து 8ஆ ஏத்திட்டேன், ரிசல்ட் துல்லியமா இருக்கும்னு பெருமையா சொல்றவங்களை நிறையப் பார்த்திருக்கேன், இந்த விஷயத்துல பவுன்ஸை எவ்வளவு ஏத்தினாலும் அந்தப் பட்டை வராது, போதாக்குறைக்கு அந்தக் கணக்குல தற்செயலா ஒரு கதிர் சூரியன்ல போய் முட்டினாலும் சாஃப்ட்வேர் அதைக் கணக்குல சேர்க்காது, ரெட்டைக் கணக்கு வந்துடும்னு விட்டுடும்.

அதுக்கு ரேடியன்ஸ்லயே வழி இருக்கு, மிரர்னு ஒரு மெட்டீரியல். எதிர்க் கட்டடத்துக் கண்ணாடிக்கு மிரர்னு பேர் கொடுத்தா அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி சூரியனோட நகல் ஒண்ணை அதுவே உருவாக்கி, நேர் வெயில் மாதிரியே கணக்குல சேர்த்துக்கும். கிளாஸ்னு பேர் கொடுத்தா சேர்க்காது. படத்துல கண்ணாடி பளபளன்னு வானத்தைக் காட்டிக்கிட்டு நிக்கும், பார்க்கிறவன் பிரதிபலிப்பு எல்லாம் கணக்குல வந்துடுச்சுன்னு நம்பிடுவான், ஆனா எதிர் ரூம் மேஜையில வெயில் விழாது. ஒரே ஒரு வார்த்தை வித்தியாசம். ரெண்டாவது ராத்திரி நான் கிளாஸை மிரரா மாத்தி, 20 சதவீதம் திருப்பி அனுப்பும்னு கொடுத்து ஓட்டினேன், பட்டை அக்காவோட மெஷின் மேல போய் உட்கார்ந்துச்சு. ஜன்னல்ல இருந்து ஒன்றரை மீட்டர் உள்ள, நான் பகல்ல தரையில சாக்பீஸால கோடு போட்டு வச்ச அதே இடம்.

மிரர் வேலை செய்யறது தட்டையான கண்ணாடிக்கு மட்டும்தான், வளைஞ்ச சுவர்னா அதுவும் கை கொடுக்காது. அங்க சூரியன்ல இருந்தே கோடிக்கணக்குல கதிரை முன்னோக்கி விட்டு எங்க குவியுதுன்னு பார்க்கணும், போட்டான் மேப்பிங்னு சொல்வாங்க, ரேடியன்ஸுக்கு அதைச் சேர்த்துக் கொடுத்தவர் ஜெர்மனியில இருந்த ரோலண்ட் ஷ்ரேக்லே. வளைஞ்ச சுவரை விளையாட்டா எடுத்துக்கிட்டா என்ன ஆகும்னு லண்டன்ல பார்த்தாச்சு. 2013ல 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் கட்டடம், வாக்கி டாக்கின்னு செல்லப் பேர், தெற்கு முகம் உள்வாங்கி வளைஞ்சது, கட்டி முடிக்கிற நேரத்துல ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் ஆரம்பத்துல அதுல பட்ட வெயில் எல்லாம் எதிர்த் தெருவுல ஒரே இடத்துல குவிஞ்சு, அங்க நிறுத்தியிருந்த ஜாகுவார் காரோட பக்கக் கண்ணாடி மூடியும் பாடி பிளாஸ்டிக்கும் உருகிடுச்சு. ரிப்போர்ட்டர் ஒருத்தர் நடைபாதையில வாணலி வச்சு முட்டையே பொரிச்சாரு. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம், வருஷத்துல ரெண்டு மூணு வாரம், அவ்வளவுதான் அந்தக் குவியல். அதுக்கு முதல்ல சாரம் கட்டி வலை போட்டாங்க, அடுத்த வருஷம் தெற்கு முகப்புல தடுப்புப் பட்டை மாட்டினாங்க.

அந்தக் கட்டடத்தோட ஆர்கிடெக்ட் ரஃபேல் வின்யோலி அப்புறம் பேட்டி கொடுத்தப்ப, இந்தப் பிரச்சனை வரும்னு டிசைன் பண்ணும்போதே தெரிஞ்சுதான் இருந்துச்சு, 36 டிகிரி வரைக்கும் போகும்னு நினைச்சோம், 72 ஆயிடுச்சு, சரியாக் கணக்குப் போட சாஃப்ட்வேர் இல்லன்னு சொன்னாரு. இதுல மட்டும் நான் அவரோட ஒத்துப் போக மாட்டேன். அதுக்கு 10 வருஷம் முன்னாடியே, 2003ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஃபிராங்க் கெரி கட்டின வால்ட் டிஸ்னி கான்சர்ட் ஹால் திறந்தப்ப, ஒரு பகுதியில மட்டும் பளபளப்பா பாலிஷ் பண்ணின வளைஞ்ச ஸ்டீல் தகடு இருந்துச்சு, எதிர் அபார்ட்மென்ட் வீடுகள்ல கண்ணு கூசுது, ஏசி போதலன்னு புகார் வந்து, கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு எந்தெந்தத் தகடு தொல்லை கொடுக்குதுன்னு கண்டுபிடிச்சு, 2005ல அந்தத் தகடுகளை மட்டும் உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்ச்சு மங்க வச்சாங்க. 2010ல லாஸ் வேகாஸ்ல அதே வின்யோலி டிசைன் பண்ணின வ்டாரா ஹோட்டல்ல நீச்சல் குளத்தங்கரையில பிளாஸ்டிக் உருகற அளவுக்கு வெயில் குவிஞ்சுச்சு. ஆக முறையும் இருந்துச்சு, பட்ட அனுபவமும் இருந்துச்சு. எதிர்ல நடக்கிறவனுக்கு என்ன ஆகும்ங்கிற கேள்விக்கு பீஸ் கொடுக்க ஆள் இல்ல, என் அனுபவத்துல அதுதான் காரணம்.

என் அக்கா கதைக்கு அப்படியே பொருந்துறது டல்லாஸ். அங்க நாஷர் சிற்ப மியூசியம் இருக்கு, ரென்சோ பியானோ கட்டினது, 2003ல திறந்தாங்க. கண்ணாடிக் கூரை, அதுக்கு மேல முட்டை ஓடு மாதிரி சின்னச் சின்ன அலுமினிய மூடிகள், ஒவ்வொண்ணும் வடக்கு வெளிச்சத்தை மட்டும் உள்ள விடற மாதிரி கம்ப்யூட்டர்ல வரைஞ்சு வார்த்தது. அவ்வளவு மெனக்கெட்டுக் கட்டினதுக்கு வடக்கால 42 மாடியில மியூசியம் டவர்னு ஒரு கண்ணாடிக் கோபுரம் வந்து நின்னுச்சு, கட்டினது அந்த ஊர் போலீஸ், தீயணைப்புக்காரங்க பென்ஷன் பண்டு. வெயில் இப்ப வடக்கால இருந்து வருது, மூடி எல்லாம் வடக்கு பார்த்துத்தானே திறந்திருக்கு, நேரா உள்ள இறங்கிடுச்சு, தோட்டத்துப் புல்லு காஞ்சுது, உள்ள இருந்த படைப்புகளுக்கு ஆபத்துன்னு பெரிய சண்டை வருஷக்கணக்குல ஓடுச்சு. உலகப் புகழ் மியூசியமே வடக்கு வெளிச்சத்தைக் காப்பாத்திக்க முடியல, 3வது மாடித் தையல்காரம்மா எங்க போய்ச் சண்டை போடுவாங்க?

நம்ம ஊர்ல இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம், ரெண்டு காரணம் இருக்கு. சென்னை 13 டிகிரி அட்சரேகையில இருக்கு, ஏப்ரல் 24 வாக்குல இருந்து ஆகஸ்ட் 18 வாக்கு வரைக்கும் மத்தியான சூரியன் நமக்கு வடக்க நிக்கும், அதனால வடக்கு முகத்துல வெயிலே படாதுங்கற குளிர் நாட்டுப் புத்தகக் கணக்கை இங்க அப்படியே எடுத்துக்க முடியாது, எல்லா முகமும் வருஷத்துல ஏதாவது ஒரு நேரம் எதிர்ல வெயில் அடிக்கும். ரெண்டாவது, 2007லயும் அப்புறம் 2017லயும் வந்த எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதிகள் கண்ணாடி வழியா உள்ள வர்ற வெப்பத்தைக் குறைக்கச் சொல்லுது, நல்ல விதி, நானே அதை வச்சுத்தான் வேலை பண்றேன், ஆனா உள்ள விடாத வெயில் எங்கயாவது போய்த்தானே ஆகணும், கொஞ்சம் கண்ணாடியைச் சூடாக்கும், மிச்சம் தெருவுக்கும் எதிர் வீட்டுக்கும்தான்.

திருப்பி அனுப்பற சதவீதத்துக்கு ஒரு உச்சவரம்பு வச்சா போதும்னு சிலர் சொல்றாங்க. சிங்கப்பூர்ல கட்டட வெளிக் கண்ணாடிக்கு 20 சதவீதம்னு விதி இருக்கு, நல்லதுதான். ஆனா கோட்டிங் எதுவுமே இல்லாத சாதாக் கண்ணாடி கூட 8 சதவீதம் திருப்பி அனுப்பும், நேர் வெயில் 1 லட்சம் லக்ஸ்னா அதுல 8,000. அந்தக் கண்ணாடியில தெரியற சூரியனை நேராப் பார்த்தா கம்ப்யூட்டர் ஸ்கிரீனை விடப் பல லட்சம் மடங்கு பிரகாசம். சாய்வா பட்டா இன்னும் மோசம், காலை மாலை வெயில் கண்ணாடியை உரசற மாதிரி வரும்போது அதே சாதாக் கண்ணாடி பாதிக்குப் பாதி கூடத் திருப்பி விடும். அதனால சதவீதம் மட்டும் பார்த்தா பத்தாது, எந்த ஜன்னல்ல, எந்தத் தேதியில, எத்தனை மணிக்குன்னு பார்க்கணும். ஆஸ்திரேலியாவுல பல ஊர்கள்ல கட்டட அனுமதிக்கே இந்த மாதிரி ரிப்போர்ட் கேட்கறாங்க, வண்டி ஓட்டறவங்க கண்ணு கூசுமான்னு தெருவாரியா பார்க்கறாங்க.

சூரியன் 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி நகரும், அதனால மார்ச் 21, ஜூன் 21, டிசம்பர் 21 மூணு நாள் 12 மணிக்கு மட்டும் ஓட்டிட்டு ஒண்ணும் இல்லன்னு எழுதறது செல்லாது. வருஷச் சராசரியும் செல்லாது, அக்கா வீட்டு வெயில் நவம்பர், டிசம்பர் மழை மேகத்தோட சேர்ந்து வருது, சராசரி போட்டா மேகம் அதை முழுசா அமுக்கிடும், தை பிறந்து வானம் வெளுத்தா தெரியும் சேதி. இன்னொண்ணு, கம்ப்யூட்டர்ல கண்ணாடி எல்லாம் தட்டையா இருக்கும், நிஜத்துல இருக்காது. ரெட்டைக் கண்ணாடிக்கு நடுவுல அடைச்சு வச்ச காத்து சுருங்கினா வெளிக் கண்ணாடி லேசா உள்வாங்கி, வெயிலைக் குவிக்கும். எதிர்ச் சுவர்ல பெருக்கல் குறி மாதிரி, பாம்பு நெளிஞ்ச மாதிரி வெளிச்சக் கோடு பார்த்திருப்பீங்களே, அது இதனாலதான், அமெரிக்காவுல பக்கத்து வீட்டுச் சுவர்ல அடிச்ச வினைல் பலகை உருகினதுக்கும் இதுதான் காரணம். இதை மாடல்ல கொண்டு வர்றது கஷ்டம், அதனால ரிப்போர்ட்ல வர்ற நம்பரை விட நிஜம் கூடத்தான் இருக்கும்னு வச்சுக்கிறது நல்லது.

நான் கேட்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல கண்ணாடி முகப்பு போடறவங்க, சுத்தி இருக்கிற வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி, ரோடு எல்லாத்துக்கும் வருஷம் முழுக்கப் பிரதிபலிப்புக் கணக்குப் போட்டு, அனுமதி ஃபைலோட சேர்த்துக் கொடுக்கணும், என்ன முறையில போட்டாங்க, கண்ணாடியை வெயிலைத் திருப்பி விடற மிரரா வச்சாங்களா சாம்பல் பெட்டியா வச்சாங்களான்னு முதல் பக்கத்துல எழுதணும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019ஐத் திருத்தறப்ப ஒரு பாரா சேர்த்தா போதும். சாஃப்ட்வேர் இலவசம், ஒரு சாதாரண கம்ப்யூட்டர்ல ரெண்டு மூணு நாள் வேலை. கட்டறதுக்கு முன்னாடி தெரிஞ்சா முகப்பைக் கொஞ்சம் சாய்க்கலாம், குத்துப் பட்டை வைக்கலாம், தொல்லை பண்ற சில மாடிக்கு மட்டும் கல்லோ மங்கலான பலகையோ போடலாம். கட்டின பிறகு லண்டன் மாதிரி வெளிய சாரம் கட்டித்தான் ஆகணும்.

நானும் மாத்திக்கிட்டேன், இப்ப என் எல்லா ரிப்போர்ட்லயும் கேட்டாலும் கேட்கலன்னாலும் எதிர்ப் பக்கத்துக்கு ஒரு பக்கம் சேர்க்கறேன், ரெண்டு கிளையன்ட் அதை எடுத்துடச் சொன்னாங்க, எடுக்கல.

எதிர்க் கட்டடக்காரங்களுக்கு என் கணக்கையும் மீட்டர் அளவையும் போட்டோவோட சேர்த்து அனுப்பி 7 மாசம் ஆச்சு, பதில் வரல. அக்கா மெஷினை உள் சுவர் பக்கமா திருப்பிப் போட்டுட்டு டியூப் லைட்டுல தைக்கறாங்க, கலர் மேட்ச் பண்ணணும்னா மட்டும் துணியையும் நூலையும் எடுத்துக்கிட்டு மொட்டை மாடி ஏறிப் போயிட்டு வர்றாங்க, முழங்கால் வலியோட.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
வேளச்சேரி, சென்னை.